தள்ளாமல் ஓடினால் ஏறுகிறேன்

நான் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அந்தக் காரைத் தள்ளியிருக்கிறேன். இது அம்மா சொல்லும் கணக்கு. தா.பழூர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் அவள் மாட்டுக் கொட்டகை வேலை பார்த்தாள். காலையில் பண்ணைக்காரர்கள் எங்காவது கிளம்பினால் சாணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, இன்னும் மூன்று பெண்களோடு போய்க் காரின் பின்னால் நிற்க வேண்டும். கை கழுவுவது முக்கியம். வண்டி கறுப்பு அம்பாசிடர், கை பட்ட இடம் அப்படியே தெரியும். ஏழு மாத வயிற்றோடும் தள்ளினாளாம். நீயும் சேர்ந்துதான் தள்ளினாய், உனக்குத்தான் கூலி கொடுக்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை.

அந்தக் காரில் செல்ஃப் மோட்டார் கிடையாது. எஞ்சினை முதலில் சுற்றிக் கிளப்பிவிடும் மோட்டார் அது. மெக்கானிக்குகள் சுருக்கமாகச் செல்ஃப் என்பார்கள். எப்போதோ எரிந்துபோனதைக் கழற்றி எறிந்தவர்கள் வேறு வாங்கி மாட்டவில்லை. கொஞ்ச காலம் வண்டியின் முன்பக்கம் கம்பி விட்டுச் சுற்றிக் கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள். அது ஒருநாள் எதிர்த்து உதைத்ததில் டிரைவரின் மணிக்கட்டு ஒடிந்தது, கம்பியும் காணாமல் போனது. தள்ள ஆள் இருக்கும்போது செல்ஃப் எதற்கு என்று பண்ணையார் கேட்டாராம். நியாயமான கேள்விதான், அவர் பக்கம் இருந்து பார்த்தால். தள்ளும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் இறங்குவதில்லை. எஞ்சின் பிடித்ததும் முகத்தில் புகையை விட்டுவிட்டு வண்டி போய்விடும், இவர்கள் கொட்டகைக்குத் திரும்புவார்கள். பதினோரு வருஷம் தள்ளியவள் ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை.

நான் பெரம்பலூரில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். ஒரு குழி நிலம் இல்லாதவள் மகன் ஊரார் நிலத்துக்கெல்லாம் நான்கெல்லை எழுதுகிறான் என்று என்னை நானே கேலி செய்துகொள்வதுண்டு. போன தை மாதம் அந்தப் பண்ணையின் பேரப்பிள்ளைகள் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பெரம்பலூர்ப் பக்கம் இருந்த கொஞ்சம் நிலத்தை விற்க வந்திருந்தார்கள். நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. பேச்சுவாக்கில் ஒருவர், ஷெட்டில் ஒரு பழைய கார் கிடக்கிறது, இரும்புக் கடைக்காரன் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் எனக்கு முன்னால் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அப்பா போன பிறகு அவள் எங்களோடுதான் இருந்தாள். எழுபத்தைந்து தாண்டியிருக்கும், அவளுக்கே சரியாகத் தெரியாது. முதலில் நம்பவில்லை. பிறகு அந்தக் கறுப்பு வண்டியா என்று கேட்டாள். அதில் உன்னை உட்கார வைத்து ஓட்டப்போகிறேன், எங்கே போக வேண்டும் சொல் என்றேன்.

"எங்கயும் வேணாம். அந்தப் பண்ணைத் தெருவுல ஒரு வாட்டி போயிட்டு வந்தாப் போதும்" என்றாள். பிறகு விரலை நீட்டிச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு. தள்ளாம ஓடுனா ஏறுறேன். யாரும் பின்னாடி நின்னு கை வெக்கக் கூடாது."

அவள் பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதைப் பத்திரத்தில் எழுதிய ஷரத்துபோல எடுத்துக்கொண்டேன்.

வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து அரியலூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோட்டோரம் அவர் ஷெட். அங்கே நிற்கும் எந்த வண்டிக்கும் ஒரு மணி நேரத்தில் நரை வந்துவிடும். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடியாத வண்டியைக் கழுவ மாட்டார். வேலை முடிந்த வண்டியைக் கழுவாமல் விடமாட்டார். வேறு யாரையும் தொடவிடாமல் தன் கையாலேயே கழுவித் துடைத்து, கண்ணாடியில் சந்தனம் வைத்து, முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் சாவியைக் கையில் கொடுப்பார். அழுக்கு வண்டியை வெளியே அனுப்பினால் அடுத்த வண்டி உள்ளே வராது என்பது அவர் நம்பிக்கை.

ஒன்றரை மாதத்தில் எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டார். பிரேக், ரேடியேட்டர், ஒயரிங் எல்லாம் சரியாயிற்று. செல்ஃப் மட்டும் அகப்படவில்லை. எஞ்சின் ஓரத்தில் அது உட்கார வேண்டிய ஓட்டை, ஒரு தகரத்தால் மூடிக் கிடந்தது. பத்திரத்துக்கு வில்லங்கம் பார்க்கிறவனுக்கு இந்த வில்லங்கம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

டீசல் அம்பாசிடரின் மோட்டார் எங்கே கேட்டாலும் கிடைத்தது. எங்கள் வண்டி பழைய பெட்ரோல் வண்டி. டீசல் மோட்டாரின் மூக்கு நீளம், போல்ட்டு ஓட்டைகள் பொருந்தவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சிக்குப் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் குந்தினேன். மூன்றாவது ஞாயிறு ஒன்று கிடைத்தது. பார்த்தால் அச்சு அசல் அதேதான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், வேட்டியெல்லாம் கிரீஸ். மெக்கானிக் அதை மாட்டவே இல்லை. சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டுவிட்டு எண்ணினார். திரும்பவும் எண்ணினார். ஒரு பல் கூடுதல். மாட்டினால் சுற்றும், ஆனால் பத்து நாளில் உள்ளே இருக்கும் பெரிய சக்கரத்தின் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும் என்றார். பத்து நாள் ஓடினால் போதும் என்று நான் கத்தினேன். அவர் பீடியைப் பற்றவைத்தார். எதற்காகப் பத்து நாள் போதும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. மாசியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கி, காலும் வீங்கியது. திருச்சியில் காட்டினோம். இதயம் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது, ஆபரேஷன் தாங்கமாட்டார்கள், வீட்டில் வைத்துப் பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்றார் டாக்டர். இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

மெக்கானிக்தான் லெப்பைக்குடிகாட்டில் ஒரு பெரியவரைச் சொன்னார். அவர் வீட்டில் நம்முடைய மாடல் வண்டியே ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது, ஓடுவதில்லை, ஆனால் ஒரு நட்டு குறையாமல் முழுசாக இருக்கிறது என்றார். போனேன். டீ கொடுத்து, தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். மகன்கள் இருவரும் துபாயில். வாரம் ஒருமுறை போனில் வண்டியைக் காட்டச் சொல்வார்களாம், ஹாரன் அடிக்கச் சொல்வார்களாம். அதற்காகவே பேட்டரி போட்டு வைத்திருந்தார். நான் குனிந்து பார்த்தேன். செல்ஃப் அதன் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

கேட்டேன். என்னத்துக்கு இவ்வளவு அலைகிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். அவர் வீட்டில் அத்தா என்று அவர் சொல்லும் அப்பா காலத்திலேயே கார் இருந்திருக்கிறது. அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, எங்கம்மா இந்த மாதிரி ஒரு வண்டியைத் தள்ளினவள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கௌரவமாக ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பழைய வண்டி என்றால் ஒரு ஆசை, சேர்த்து வைக்கிறேன் என்றேன். சட்டைப்பையில் பேனாவைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

அவர் கோபிக்கவில்லை. அத்தா வண்டி, ஓடாவிட்டாலும் முழுசாக நிற்கிறது, ஆசைக்குக் கேட்பவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தால் நாளைக்குப் பிள்ளைகளுக்குத் தகரம்தான் மிஞ்சும் என்று பொறுமையாகச் சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

பங்குனியில் அம்மா பாதி நேரம் வாசலில் நாற்காலியில்தான் இருந்தாள், படுத்தால் மூச்சு முட்டியது. கார் வந்துவிட்டதா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அதுதான் என்னை அரித்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அரியலூருக்குப் போய், வண்டியை எடுத்துப் போகிறேன் என்றேன். வேலை முடியாத வண்டியை எடுக்காதீர்கள் என்று மெக்கானிக் தடுத்தார். வீட்டில் விசேஷம் என்று பொய் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுவவும் இல்லை. ஷெட்டில் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள், எஞ்சின் பிடித்தது. பெரம்பலூர்வரை எங்கேயும் அணைக்காமல், கல் லாரிகளுக்குப் பின்னாலேயே வந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது கறுப்பு வண்டி மாவில் புரட்டியதுபோல் இருந்தது.

என் திட்டம் இவ்வளவுதான். எஞ்சின் ஓடும் வண்டியை வாசலில் நிறுத்துவது. செல்ஃப் போட்டாயிற்று என்பது. அம்மாவை ஏற்றிக்கொண்டு பண்ணைத் தெருவுக்குப் போய்விட்டு, எங்கும் நிறுத்தாமல் திரும்பி வருவது. ஒரு நல்ல காரியத்துக்குச் சின்னப் பொய் தப்பில்லை என்று நினைத்தேன். பத்திரத்தில் இப்படி ஒருவன் செய்தால் எழுந்து போ என்பேன்.

அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "செல்ஃப் போட்டாச்சாடா?" என்று கேட்டாள். ஆச்சும்மா என்றேன். சரி என்று தலையாட்டினாள். அவளுக்குப் பின்கதவைத் திறந்துவிட நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டித் திரும்பினேன். கால் கிளட்சிலிருந்து வழுக்கியது. வண்டி ஒரு குதி குதித்து நின்றது.

தெருவே அமைதியாகிவிட்டதுபோல் இருந்தது. கியரை எடுத்துவிட்டேன். அந்த வண்டியில் சாவியைப் போட்டு ஒரு குமிழை இழுக்க வேண்டும். இழுத்தேன். குமிழுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டாம் தரம், மூன்றாம் தரம் இழுத்தேன். அம்மா அந்தச் சத்தமின்மையைப் பதினோரு வருஷம் கேட்டவள். என் மனைவியின் கையை விட்டுவிட்டு நகர்ந்தாள். உள்ளே போகிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வண்டி அசைந்தது. எங்கள் தெரு ஏரிப் பக்கம் சரிவு, சின்னக் கை பட்டாலே போதும். நான் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் வண்டி உருள ஆரம்பித்துவிட்டது. என் கை கியரைப் போட்டது, என் கால் கிளட்சை விட்டது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தேன். புகைக்குள் அம்மாவின் வெள்ளைத் தலை தெரிந்தது.

அம்மா தள்ளினாள், நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். இதைவிட வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை. அந்த மாதிரி வெட்கத்தை என் ஆயுசில் பட்டதில்லை.

வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஓடி வந்தேன். வெட்கப்பட்டவனுக்குக் கோபம்தானே முதலில் வரும். அறிவிருக்கிறதா உனக்கு என்று பெற்றவளைப் பார்த்துக் கத்தினேன். அவள் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு திரும்பியதும் சிரித்தாள்.

"பொய் சொல்லாதடா. செல்ஃப் வரட்டும், ஏறுறேன். நான் எங்க போயிடப் போறேன்."

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். தள்ளியதால் வந்ததில்லை, எப்போது வேண்டுமானாலும் நடக்க இருந்ததுதான் என்று டாக்டர் சொன்னார். என் மனைவியும் அதையே சொல்கிறாள். அவர்கள் சொல்வதை நான் நம்பத்தான் பார்க்கிறேன்.

பால் தெளித்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் காரைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் அப்படியே நின்றது. டிக்கிக் கதவின் வெள்ளைத் தூசியில் இரண்டு கைகள். வலது கை சற்று மேலே, இடது கை கீழே, பத்து விரலும் நன்றாக விரிந்து. ஒரு விரலின் நுனி மட்டும் கொஞ்சம் இழுபட்டிருந்தது, வண்டி நகர்ந்த இடத்தில். பதினோரு வருஷம் தடம் தெரியாமல் கையைக் கழுவிவிட்டுத் தள்ளியவள். போனில் படம் எடுத்தேன். படத்தில் மரத்தின் நிழல்தான் விழுந்திருக்கிறது, கை தெரியவில்லை. பழைய போர்வை ஒன்றை எடுத்துப் போர்த்தி, யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் லெப்பைக்குடிகாட்டுப் பெரியவர் துக்கம் கேட்க வந்தார். மெக்கானிக் சொல்லித் தெரிந்ததாம். ஒருநாள் டீ குடித்துவிட்டுப் போன பழக்கத்துக்கு அவ்வளவு தூரம் வந்திருந்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் உடம்பு சரியில்லாமல் இருந்தது, டாக்டர் சொன்னது என்று பொதுவாகப் பேசினேன். என் மனைவிதான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள், அத்தையை அந்தக் காரில் ஒரு தடவை ஏற்றிவிட வேண்டும் என்று அலைந்தாரே, அது மட்டும் நடக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பண்ணை, சாணிக் கூடை, ஏழு மாத வயிறு, அம்மா போட்ட ஷரத்து. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். 

"அம்மாவுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அன்னிக்கே கழட்டிக் குடுத்திருப்பேனே தம்பி. ஆசைக்குன்னுல்ல சொன்னீங்க."

 ஊரார் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறவன், எழுத வேண்டிய ஒரே வரியை விட்டுவிட்டேன். மறுநாள் காலை ஒரு மஞ்சள் பையில் செல்ஃபைக் கொண்டுவந்து அவர் என் கையில் கொடுத்தார். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், அவர்களும் சரி என்றார்கள் என்றார். கண் கெட்ட பிறகு வந்த சூரியன்தான். ஆனாலும் மறுக்க எனக்குத் தகுதி இல்லை, வாங்கிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வண்டியை அரியலூருக்கு இழுத்துப் போக மெக்கானிக் வேன் அனுப்பினார். முன்பக்கம்தான் கயிறு கட்டினார்கள். பின்பக்கம் யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டேன். மறுநாள் அவர் போன் செய்தார். பல் சரியாக இருக்கிறது, கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார். டிக்கியை மட்டும் கழுவ வேண்டாம் அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பார். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். பேட்டரி தண்ணியைப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன். சாயங்காலம் நானே திரும்பக் கூப்பிட்டேன். அப்போதும் டயர் காற்றைப் பற்றித்தான் பேசினேன்.

காலையில் போனபோது வண்டி ஷெட்டுக்கு வெளியே நின்றது. கண்ணாடியில் சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். மேலேயிருந்து கீழேவரை கறுப்பாக மின்னியது. இந்த ரோட்டில் அந்த அளவு சுத்தமான பொருளை நான் பார்த்ததில்லை. உட்காருங்க தம்பி, இழுத்துப் பாருங்க என்றார். உட்கார்ந்து, சாவியைப் போட்டு, குமிழை இழுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ரோடுதான் இருந்தது.

இறங்கிப் பின்பக்கம் போய் நின்றேன். டிக்கியில் என் சட்டை தெரிந்தது, என் முகம் தெரிந்தது. குனிந்து பக்கவாட்டில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு விரல் அளவாவது மிச்சம் இருக்குமா என்று. மெக்கானிக் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார். தாயில்லாத வீட்டுக்குப் போகிற வண்டி என்று அன்றைக்கு இரண்டு தடவை கழுவினாராம்.

"என்ன தம்பி பாக்குறீங்க, அழுக்கு எதுவும் நின்னுடுச்சா?"

"இல்லண்ணே. நல்லாத்தான் கழுவிருக்கீங்க" என்றேன்.